கராஜைச் சூடாக்கக் கூப்பிட்ட வீடு

புதிதாக வயரிங் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். எனக்கு முதலில் களைப்புதான் வருகிறது. ஏணி ஏறி ஏறி முழங்கால் போய்விட்டது. சுவரில் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிவதில்லை. அதனால் உட்கார்ந்த இடத்தில் இருந்தே சொல்கிறேன்.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். புதுச்சேரியில் அப்பா வேலை பார்த்த மில் நின்றதும் என் பள்ளிக்கூடமும் நின்றது. பிறகு எந்த ஊரிலும் நான் நிலையாக இருந்ததில்லை. கோயம்புத்தூரில் மோட்டார் காயில் சுற்றினேன். கொடைக்கானலில் விடுதிகளுக்கு வயர் இழுத்தேன். மணாலியில் இரண்டு பனிக்காலம் ஹீட்டர் பழுது பார்த்தேன். கல்ஃபில் கூடாரத்துக்கு லைன் கொடுத்தேன். சாப்பிடாமல் படுத்த ஊர்களும் உண்டு. கடைசியில் புதுச்சேரிக்கே திரும்பி வந்து உழவர்கரையில் ஒரு அறை எடுத்துக்கொண்டேன்.

இந்த ஊரில் ஏசி மாட்டக் கூப்பிடுவார்கள், ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிடுவார்கள். சூடாக்கக் கூப்பிட மாட்டார்கள். மணாலியில் நான் கற்றதெல்லாம் இங்கே வீண் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரே ஒரு வீட்டில் இருந்து கூப்பிட்டார்கள். அதை மட்டும் சொல்கிறேன். எந்த வயர், எத்தனை ஆம்பியர் என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். நாலைந்து நாளாக விடாத மழை. காலையில் ஆரோக்கியம் என்று ஒருவர் போன் செய்தார்.

"அண்ணே, எங்க கராஜுக்கு இன்னொரு ஹீட்டர் போடணும். ஒண்ணு பத்தல. நீங்க குளிர் ஊர்லல்லாம் வேல செஞ்சிருக்கீங்கன்னு சொன்னாங்க."

புதுச்சேரியில் கராஜுக்கு ஹீட்டர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"துணி காயத்தான். சீக்கிரம் வாங்கண்ணே. சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும்."

போகிற வழியில் அவர் மறுபடி போன் செய்து மீதியையும் சொன்னார். அவரும் மனைவி பிலோமினாவும் வீட்டிலேயே சலவை செய்கிறார்கள். கடற்கரைப் பக்கத்துத் தெருவில் ஒரு விடுதியின் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் இவர்களிடம்தான் வரும். வேறு வருமானம் கிடையாது. போன வாரம் கொடுத்த விரிப்புகள் சரியாகக் காயாமல் முடை நாற்றம் அடித்தன என்று திரும்பி வந்துவிட்டன. இன்னொரு தடவை அப்படி வந்தால் மெஷின் சலவைக்காரர்களிடம் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்று சனிக்கிழமை, விடுதி முழுக்க ஆள். அன்று சாயங்காலம் விரிப்புகள் காய்ந்து போய்ச் சேராவிட்டால் இவர்களுடைய பிழைப்பு போய்விடும்.

வீடு புதிது. பிரான்சில் இருக்கும் ஆரோக்கியத்தின் தம்பி சவரி கட்டிய வீடு. அண்ணன் குடும்பமும் அப்பாவும் குடியிருக்கிறார்கள். வீட்டோடு ஒட்டி கராஜ். கார் கிடையாது. கராஜில் இருந்து ஹாலுக்கு ஒரு கதவு, ஹாலுக்கு அடுத்து பெரியவரின் அறை. இந்த ஊரில் இப்படி நிறைய வீடுகள் உண்டு. கட்டியவர் அங்கே இருப்பார், கூட்டிப் பெருக்குகிறவர் இங்கே இருப்பார்.

நான் போனபோது கராஜ் ஷட்டர் அடியோடு இறக்கியிருந்தது. ஆரோக்கியம் என்னை ஹால் வழியாகக் கூட்டிப்போனார். ஹாலில் வாளியும் துணி மூட்டையுமாகக் கிடந்தன. அவர் முகம் வெளுத்திருந்தது. நடக்கும்போது ஒரு கை சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தது.

"ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்லண்ணே. காலையிலேருந்து கொமட்டிக்கிட்டு வருது. ராத்திரி சரியா தூங்கல, அதான்."

கராஜ் கதவைத் திறந்ததும் சூடான ஈரம் முகத்தில் மோதியது. சாதம் வடித்த பானைக்கு மேல் முகத்தை வைத்த மாதிரி. கொடி கொடியாக வெள்ளை விரிப்புகள். அவற்றுக்கு நடுவே பிலோமினா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் இறுக்கமாக ஒரு துணியைக் கட்டியிருந்தார்.

"வாங்கண்ணே. அந்த மூலையில இன்னொரு அடுப்பு வெச்சிங்கன்னா போதும். சிலிண்டர் இருக்குது."

"தலையில என்னா கட்டு?"

"தலவலி. வெள்ளிக்கெழம ஒரு பொழுது இருந்தேன், அது இன்னும் போவல."

சுவர் முழுக்கத் தெர்மோகோல் ஒட்டியிருந்தது. மேலே காற்றுப் போக விட்டிருந்த சிமெண்ட் ஜன்னலையும் அதாலேயே அடைத்திருந்தார்கள். ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டை. நல்ல வேலை, ஓரமெல்லாம் பிசிறில்லாமல் வெட்டியிருந்தது. நடுவில் சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. சிலிண்டரை உள்ளேயே வைத்துக்கொள்கிற வகை. முன்னால் இருக்கும் தட்டுகள் செக்கச்சிவக்க எரிய வேண்டும். இதில் தட்டுக்கு வெளியே மஞ்சளாகத் தீ நாக்கு எட்டிப் பார்த்தது.

அப்போது ஹாலுக்கு அந்தப் பக்கத்து அறையில் இருந்து பெரியவரின் குரல் கேட்டது.

"ஏ ஆரோக்கியம். அந்த மாத்திரைய மாத்தச் சொல்லுடா. போட்டா தல கிர்ருனு சுத்துது."

கணவனுக்குக் குமட்டல், மனைவிக்குத் தலைவலி, அடுத்த அறையில் படுத்திருப்பவருக்குத் தலைச்சுற்றல். மூன்று பேரிடமும் மூன்று காரணங்கள் இருந்தன.

இங்கே கொஞ்சம் நிறுத்தி கொடைக்கானல் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த விடுதிக்கு ஒரு டிரைவர் வந்தார். அவருக்கு அறை கொடுக்கவில்லை, கார் ஷெட்டில் படுக்கச் சொன்னார்கள். குளிருக்கு ஒரு இரும்புச் சட்டியில் கரி போட்டு உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்தார். காலையில் கதவைத் திறந்தபோது முகம் தூங்குகிறவர் முகம்போலவே, நல்ல சிவப்பாக இருந்தது, மூச்சுதான் இல்லை. நானும் சமையல்காரரும் அவரைப் போர்வையோடு தூக்கிக் காய்கறி வண்டியில் ஏற்றினோம். காற்றுப் போதாமல் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷக்காற்றுக்குப் புகை இல்லை, வாசனை இல்லை. முந்தின நாள் சாயங்காலம் தலை வலிக்கிறது என்று சொன்னவர் அவர். மலை ஏறி வந்த வலி என்று நாங்களே சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தோம்.

அதனால் பிலோமினாவின் கராஜில் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. செய்வதில்தான் கஷ்டம் இருந்தது. காற்று வர இரண்டு வழிதான். ஹால் கதவைத் திறந்து வைத்தால் உள்ளே இருப்பது பெரியவர் அறைக்குப் போகும். ஷட்டரைத் தூக்கினால் மழை உள்ளே வரும். கொடிகள் ஷட்டரை ஒட்டியே கட்டியிருந்தன. வெளியே மழை நேராகப் பெய்யவில்லை, தெருவில் இருந்து சாய்ந்து அடித்தது.

ஹீட்டரின் சிலிண்டரை மூடினேன். இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தேன். பின்னால் இருந்த கதவைச் சாத்தினேன். ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். அடி ரப்பர் தரையோடு ஒட்டிக்கொண்டு ஷட்டர் எழும்பவில்லை. காலால் உதைத்ததும் தலைக்கு மேலே போய்விட்டது.

முதல் இரண்டு கொடியும் கண் முன்னாலேயே நனைந்தன. தெருவில் ஒரு வேன் தேங்கிய தண்ணீரில் போனது. செம்மண் தண்ணீர் விரிப்புகளில் தெறித்தது.

பிலோமினா கத்தவில்லை. இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாருய்யா நீ? சூடு ஏத்தக் கூப்ட்டா மழயக் கூட்டியாந்து உள்ள உட்டுட்ட."

"மொதல்ல வெளிய வாம்மா."

"வெளிய வந்து? வெளிய வந்து நான் என்னா பண்றது? பொழப்பு போச்சு. அந்த மேனேஜர்கிட்ட நீ வந்து சொல்றியா?"

"சொல்றேன். வெளிய வா."

ஆரோக்கியம் ஒன்றும் புரியாமல் கொடிகளை உள்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து, அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். பேச்சை மாற்றாமல் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அப்பாவ வெராண்டாவுக்குக் கூட்டியா." இந்த மாதிரி நேரத்தில் காரணம் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் பதில் சொல்ல ஆரம்பிப்பார்கள். பதில் சொல்லும் நேரமும் உள்ளேயேதான் நிற்பார்கள்.

வெராண்டாவில் பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கம்பளி போர்த்தினோம். பிலோமினா படியில் உட்கார்ந்தார். மழைக்காற்று அடித்தது. வீட்டு ஜன்னல்களை எல்லாம் நான் திறந்துவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் தெளியாவிட்டால் நானே ஆட்டோ கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர்தான் முதலில் பேசினார்.

"இப்ப சுத்தல. மழையில உக்காந்தா சரியாவுது பாரேன். டாக்டரு இதச் சொல்லவேயில்ல."

"மாத்திரையால இல்லீங்க. அந்தக் கேஸ் அடுப்பு விட்ட விஷக்காத்து" என்றேன்.

பிலோமினா நெற்றித் துணியை அவிழ்த்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

"எனக்கும் விட்டுப்போச்சு" என்றார். பிறகு, "துணியும் போச்சு" என்றார்.

போனது முன்வரிசைதான். பின்னால் இருந்த கொடிகள் நனையவில்லை, ஆனால் காய்ந்தும் இருக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தன, ஈரமாகவும் இருந்தன. அப்படித்தான் இருக்கும். கேஸ் எரிந்தால் அதிலிருந்தும் நீராவி வரும். துணியில் இருந்து கிளம்பும் ஈரமும் போக வழி இல்லாமல் அங்கேயே சுற்றும். இரண்டாவது ஹீட்டர் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் வெந்திருக்கும், காய்ந்திருக்காது.

உங்களிடம் யாராவது வந்து ஒரு இடத்தைச் சூடாக்க எது நல்லது என்று கேட்டால், பொருளின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். கரி மலிவு, ஆனால் ஆள் இருக்கும் வீட்டோடு ஒட்டிய இடத்தில் அதைப் பற்றிப் பேசவே கூடாது. கேஸ் சுலபம், எரிந்ததை வெளியே கொண்டுபோகக் குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரை மூடிய இடத்தில் வைக்கக் கூடாது. கரண்ட் ஹீட்டருக்குப் புகை இல்லை, ஆனால் லைன் தாங்குமா என்று பார்க்க வேண்டும். காற்றில் இருந்து தண்ணீரை இழுக்கிற மெஷின் இருக்கிறது, அது இவர்கள் கைக்கு எட்டாது. இதையெல்லாம் கடைக்காரரே சொல்வார். கடைக்காரர் கேட்காத கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும். எதற்காகச் சூடு, சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்று.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. பெரியவர் அறையில் ஏசி இருந்தது. மார்கழியில் அதை யாரும் போடுவதில்லை. அதற்குத் தனி லைன், கனமான வயர், தனி பிரேக்கர். அந்த பாயிண்டில் இருந்து ஹால் வழியாக கராஜுக்கு லைன் எடுக்கலாம். என் அறையில் சூடான காற்றை ஊதும் ப்ளோயர் ஹீட்டர் ஒன்று இருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்களைக் காய வைக்க வைத்திருந்தது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி கராஜின் மேல் ஜன்னலில் வைத்துவிடலாம். ஷட்டரை ஒரு முழம் தூக்கி, வெளியே தார்ப்பாய் கட்டினால் மழை வராது, காற்று வரும். மழைக்காற்றில் ஈரம் இருக்கும்தான். ஆனால் கொஞ்சம் சூடாக்கிவிட்டால் அது துணியில் இருக்கும் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டதை ஃபேன் வெளியே தள்ளும்.

"அப்ப ஜன்னல்ல ஒட்டுன தெர்மோகோலக் கிழிக்கணும்" என்றார் ஆரோக்கியம்.

"ஆமாம்."

"தம்பி போன லீவுல வந்தப்ப ஒக்காந்து ஒட்டுனதுண்ணே. மூணு நாளு வெளிய எங்கயும் போகாம ஒட்டுனான். அவன் வீடு. அவன ஒரு வார்த்த கேட்டுட்டு."

"ஆமா. மூச்சு விடறதுக்கும் அவரக் கேளுங்க" என்றார் பிலோமினா.

ஆரோக்கியம் போனை எடுத்தார். தம்பிக்கு வீடியோ கால் போட்டார்.

அங்கே காலை நேரம். சவரி ஏதோ கிடங்கில் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். காதை மூடிய கம்பளிக் குல்லா, கண் செருகிக்கொண்டு வந்தது. அண்ணன் சொன்னதைப் பாதி கேட்டதும் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. கராஜ்னா மூடணும். எல்லா ஓட்டையும் அடச்சாதான் சூடு நிக்கும். இங்க எல்லாரும் அப்டிதான் செய்றாங்க. நான் சும்மா சொல்லல, எனக்கு அனுபவம்."

"உங்க ஊர்ல வெளிய குளிரு தம்பி. அதுக்கு அடைக்கலாம். இங்க எங்களுக்குக் குளிரு இல்ல, ஈரம். ஈரத்த அடச்சு வெச்சா எங்க போவும்?"

அவர் யோசித்தார். நல்ல மனிதர், உடனே வாதம் செய்யவில்லை.

"சரி. அதே ஹீட்டருதான் நானும் வெச்சிருக்கேன். ஊட்டியிலேருந்து ஆள் வெச்சித் தேடி, அதே மாதிரி வாங்கிக் குடுத்தேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே."

பேசிக்கொண்டே அவர் போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு ஷூவைக் கழற்றக் குனிந்தார். அவர் பின்னால் சுவர் தெரிந்தது. சுவர் இல்லை. குறுக்கே குறுக்கே மடிப்பு விழுந்த தகரம், ஓரத்தில் அது ஏறி இறங்கும் தடம். அடியில் ரப்பர் பட்டை. நான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் காலால் உதைத்தேனே, அந்த மாதிரியே.

"தம்பி, உங்க பின்னால இருக்கறது ஷட்டர்தானே?"

அவர் நிமிர்ந்தார். போனைக் கையில் எடுத்துத் தன் முகத்துக்கு மிகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அது ஸ்டோர் ரூமு."

"நீங்க அங்கதான் தூங்கறீங்களா?"

ஆரோக்கியம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"டேய், அப்பார்ட்மெண்ட்டுன்னு சொன்னியேடா."

"இதுவும் ரூம் மாதிரிதான். ஒரு வீட்டோட சேந்த கராஜு. கட்டிலு இருக்குது, எல்லாம் இருக்குது. வாடக கம்மி. அதெல்லாம் அப்புறம் பேசலாம்டா, அப்பா இருக்காரா பக்கத்துல?"

பெரியவர் நாலடி தூரத்தில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் குரலை இறக்கினார்.

"எத்தன நாளா?"

"வீடு கட்ட ஆரமிச்சதுலேருந்து."

பிலோமினா படியில் இருந்து எழுந்து வந்து எங்களோடு நின்றார்.

எனக்கு அவர்கள் குடும்ப விஷயத்தில் கேட்க ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியது வேறு.

"தம்பி, ஹீட்டர் இப்ப எரியுதா?"

"வந்ததும் போட்டுட்டேன். மைனஸ்ல இருக்குது வெளிய."

"தூங்கி எந்திரிச்சா தல வலிக்குமா?"

"அது நைட் டூட்டி தலவலி. எல்லாருக்கும் இருக்கும்."

"உங்க அண்ணிக்கு ஒரு பொழுது தலவலி. அப்பாவுக்கு மாத்திர தலசுத்தல். உங்களுக்கு நைட் டூட்டி."

அவருடைய கண்கள் கீழே, ஹீட்டர் இருந்திருக்கக்கூடிய பக்கம் போயின.

கொடைக்கானல் டிரைவரைப் பற்றி நான்கு வார்த்தையில் சொன்னேன். பயமுறுத்துவதற்கு நான் எப்போதும் கதை சொல்வதில்லை, அன்று சொன்னேன். ஹீட்டரை அணைத்து ஷட்டரைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன்.

"தூக்குனா பனிக்காத்து வரும்ணே. எப்டித் தூங்கறது?"

"குளிரோட தூங்கலாம். நான் தூங்கியிருக்கேன். குல்லா, ஷூ, இருக்கற துணி எல்லாம் போட்டுக்கோங்க."

"கரண்ட் ஹீட்டரு வெக்கலாமா?"

"எண்ணெய் நெரப்புன ரேடியேட்டர் வைங்க. அதுக்குப் புகை கெடையாது. அப்பவும் மேல ஒரு ஓட்ட இருக்கட்டும். புகை அலாரம் விக்கற கடையிலயே இந்த விஷக்காத்துக்கும் அலாரம் இருக்கும், கேளுங்க."

"ஓனரு கரண்டுக்கு ஒத்துக்க மாட்டாரு. ஒரு பல்பு, போன் சார்ஜர், அதுக்குதான் பேச்சு."

"அப்ப ஓனர்கிட்ட பேசற வரைக்கும் ஹீட்டரே வேணாம்."

அவரால் உடனே கையை நீட்ட முடியவில்லை. இரவெல்லாம் பெட்டி தூக்கிவிட்டு வந்தவருக்கு, இருந்த ஒரே சூட்டையும் அணை என்று பனியே பெய்யாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் சொல்கிறான். எனக்கும் அதைச் சொல்ல வாய் கூசியது. வேலையில் பல சமயம் நம்மிடம் நல்ல வழி ஒன்றும் இருக்காது. சாகாத வழி ஒன்று இருக்கும். அதைச் சொல்லிவிட்டு வெறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிலோமினா போனை என் கையில் இருந்து வாங்கினார்.

"சவரி. நான் உள்ள இருந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியல. நல்லா கதகதன்னு இருந்துச்சு. இவரு வந்து இழுக்கலன்னா நானா வெளிய வந்திருக்க மாட்டேன். அணச்சிடுப்பா."

சவரி குனிந்தார். படத்தில் இருந்த சிவப்பு வெளிச்சம் போய்விட்டது. தகரம் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் வாயில் இருந்து ஆவி வந்தது.

"அணச்சிட்டேன். நீங்க தெர்மோகோலக் கிழிங்க" என்றார்.

வெராண்டாவில் இருந்து பெரியவர் கேட்டார். "என்னா சொல்றான் அவன்?"

"குளுருதாம்பா" என்றார் ஆரோக்கியம்.

"பின்ன, வெள்ளக்கார ஊருல குளுராதா. நல்லா ஹீட்டரப் போட்டுக்கினு தூங்கச் சொல்லு."

அதற்குப் பிறகு வேலைதான். நான் போய் ப்ளோயரை எடுத்து வந்தேன். லைன் இழுத்தேன், ஃபேன் மாற்றினேன். துணிக்கும் ப்ளோயருக்கும் நடுவே ஓர் ஆள் நடந்து போகும் இடம் விட்டுக் கொடிகளை மாற்றிக் கட்டினோம். தெர்மோகோலைப் பிலோமினா கிழிக்கவில்லை, கத்தியால் ஓரம் அறுத்து முழுதாக எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். மேனேஜரிடம் பேசுவதாக நான் சொல்லியிருந்தேன், பேசினேன். முன்வரிசை மண்ணாகிவிட்டது, மீதி சாயங்காலம் வரும், மண்ணானது நாளைக் காலை வரும் என்றேன். அவர் கத்தினார். கத்தி முடித்துவிட்டு, வாசனை வந்தால் இதோடு சரி என்றார். அந்த ஆர்டர் பொங்கல் தாண்டியும் அவர்களிடமே இருந்தது. மறுவாரம் சவரி ஓனரிடம் பேசி ரேடியேட்டர் வைத்துக்கொண்டார் என்றும் கேள்விப்பட்டேன்.

ஆனால் எனக்கு அந்த வீட்டில் நினைவிருப்பது அன்று சாயங்காலம்தான். சவரி இணைப்பைத் துண்டிக்க அண்ணன் விடவில்லை. போனைக் கஞ்சிப் பவுடர் டப்பாவில் சாய்த்து இஸ்திரி மேஜை மேல் வைத்திருந்தார். படத்தில் ஒரு கட்டில், அதன் மேல் துணிக் குவியல், குவியலுக்கு வெளியே ஒரு கம்பளிக் குல்லா. இங்கே கதகதப்பான காற்றில் விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. பிலோமினா ஒவ்வொன்றாக எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்து, இஸ்திரி போட்டு மடித்தார். மடித்து முடித்துத் தார்ப்பாயில் மூட்டை கட்டியும் ஆயிற்று. ஆரோக்கியம் கிளம்பவில்லை. ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேரமாவுது" என்றார் பிலோமினா.

"போறேன்."

போகவில்லை. துணிக் குவியல் அசைந்தது. கண்ணைத் திறக்காமலே சவரி பேசினார்.

"டேய், நான் தூங்கறத ஏன்டா பாக்குற. போய் துணியக் குடு."

அப்போதும் ஆரோக்கியம் நகரவில்லை. பிலோமினா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினார். ஒரு ஸ்டூலை இழுத்து போனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"நான் பாத்துக்கறேன். நீங்க கெளம்புங்க" என்றார்.